வெளி வீதி – அத்தியாயம் 6: உத்தரவு

கோட்டை விழவில்லை; ஆள்தான் விழுந்தான்.

1764 அக்டோபர் 13ஆம் தேதி கான்சாகிப் என்கிற மருதநாயகத்தைப் பிடித்துக் கட்டி எதிரியிடம் ஒப்படைத்தவர்கள், மதுரைக் கோட்டை மதிலுக்கு உள்ளே அவனோடு இருந்தவர்கள். 15ஆம் தேதி தூக்கு. சம்மட்டிபுரத்தில் அவன் அடங்கிய இடம்வரை சென்ற வாரம் போய் வந்தோம். 1763இல் ஒரு முற்றுகை, 1764இல் மறுபடியும் ஒன்று. கம்பெனிப் படையும் நவாபின் படையும் சேர்ந்து முட்டிய மதில் அது. பீரங்கி துளைத்த இடத்தில் ஏறப் பார்த்த சிப்பாய்கள் அடிபட்டுத் திரும்பினார்கள். கடைசியில் துரோகம்தான் கதவைத் திறந்துவிட்டது.

அப்படிப்பட்ட மதில் இன்றைக்கு எங்கே?

கீழவாசலில் வாசல் கிடையாது. தெற்குவாசலிலும் கிடையாது. ஆட்டோக்காரரிடம் பெயரைச் சொன்னால் கொண்டுபோய் இறக்கிவிடுவார். இறங்கிப் பார்த்தால் கடையும் நெரிசலும்தான். பெரியார் பேருந்து நிலையத்தின் பக்கம் மேலவாசலில் ஒரு கொத்தளத் துண்டு மட்டும் மிச்சம். அவசரமாகப் பேருந்து பிடிக்க ஓடுகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் அதைத் திரும்பிப் பார்த்தால் அதிகம்.

பீரங்கிக்கு அசையாததைக் கடப்பாரை சாய்த்தது. அந்தக் கடப்பாரையைப் பிடித்தவர்கள் மதுரைக்காரர்கள். அவர்களைப் பிடிக்க வைத்தது எப்படி என்பதுதான் இந்த வாரக் கதை.

1834ஆம் ஆண்டு ஜான் பிளாக்பர்ன் மதுரைக்குக் கலெக்டராக வருகிறார். 1847வரை, பதின்மூன்று வருடம் இருந்தார். இன்றைக்கு ஒரு கலெக்டர் ஒரே மாவட்டத்தில் மூன்று வருடம் தாண்டினாலே அதிசயம். அவருக்கு முன்னால் ரௌஸ் பீட்டர் என்றொருவர் 1812 முதல் 1828 வரை ஆண்டு, மீனாட்சிக்குத் தங்கத்தில் பாதுகம் செய்து போட்டு, 'பீட்டர் பாண்டியன்' என்று பெயர் வாங்கிவிட்டுப் போயிருந்தார். அந்த நாற்காலியில் உட்காருவது லேசான காரியமல்ல.

பிளாக்பர்ன் கண்ட மதுரை ஒரு சதுரத்துக்குள் அடைபட்டுக் கிடந்தது. நடுவில் கோயில். கோயிலுக்குள்ளேயே ஆடி வீதி. மதிலை ஒட்டிச் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கும் அப்பால் தேர் ஓடும் மாசி வீதி. அதையும் தாண்டிப் போனால் கோட்டை மதிலில் முட்டிக்கொள்ள வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர், பாண்டியர் காலத்துப் பழைய கோட்டையை விரித்துக் கட்டிய மதில் இது. 72 கொத்தளம், கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்பது வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு. மதிலுக்கு வெளியே அகழி.

1834இல் இந்தக் கணக்கில் ஒன்றுமே மிச்சமில்லை. கட்டபொம்மனை 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டாயிற்று. மருது சகோதரர்களை 1801இல் திருப்பத்தூரில். பாளையக்காரர் கையிலிருந்த ஆயுதம் எல்லாவற்றையும் கம்பெனி பிடுங்கிக்கொண்டது. கொத்தளம் நிற்கிறது, காக்க ஆளில்லை. காக்க ஆளிருந்தாலும் தாக்க வரும் எதிரியில்லை. அகழியில் ஓட்டமில்லாத தண்ணீர்.

அந்தத் தண்ணீர்தான் அதிகாரிகளைத் தூங்கவிடவில்லை. 1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர், திருநெல்வேலிச் சீமைகளை ஒரு விஷக் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிருந்தது. காரணம் தேடக் கம்பெனி மருத்துவர்களைக் கொண்டு குழுவே போட்டது. தேங்கிய நீரிலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்கு மூலம் என்று அந்தக் கால வைத்தியம் நம்பியது. கொசுவின் மீது பழி விழ 1897இல் செகந்திராபாதில் ரொனால்டு ராஸ் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆக, தப்பான காரணத்துக்காக ஒரு சரியான முடிவு: அகழியைத் தூர்க்க வேண்டும். தூர்க்க மண் எங்கே? அதுதான் பக்கத்திலேயே மலைபோல் நிற்கிறதே. மதிலை இடித்து அகழியில் தள்ளினால் இரண்டு வேலை ஒன்றாய் முடியும். சமனான நிலத்தில் தெரு போடலாம், மனை பிரிக்கலாம், வீடு கட்டலாம்.

காகிதத்தில் பார்த்தால் கச்சிதமான திட்டம். செலவை யார் ஏற்பது என்று கேட்டால்தான் சிக்கல்.

சென்னையில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஹைதர் அலி பயத்தில் கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். எழுப்பிவிட்டு, 'உங்களைக் காக்கத்தானே கட்டினோம், செலவைக் கொடுங்கள்' என்று குடிகள்மேல் வரி போடப் பார்த்தார்கள். வரி வசூலாகவே இல்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி ஓடும் வால்டாக்ஸ் சாலை அந்தத் தோல்வியின் ஞாபகார்த்தம். குடிகளைக் கேட்காமல் கட்டிவிட்டுக் குடிகளிடம் கை நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சாலை ஒன்றே போதும்.

பிளாக்பர்ன் இதைத் தலைகீழாகத் திருப்பினார். மதிலில் ஒரு பகுதியை இடித்து, அதற்கு நேரே உள்ள அகழியைத் தூர்த்துக் கொடுப்பவருக்கு அந்த நிலமே சொந்தம். சர்க்கார் காசு கொடுக்காது, வாங்கவும் செய்யாது. இடிக்கிறவன் எவனோ அவனே வீட்டுக்காரன்.

மாசி வீதிக்கு அடுத்தாற்போல் மனை! அதுவும் சும்மா! ஊரே விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கும் என்றுதானே நினைப்போம்?

ஒருவரும் வரவில்லை என்கிறது மதுரையில் வழங்கும் கதை.

ஏன் வரவில்லை? அதிகாரிகளின் கணக்கில் அந்த மதில் கல்லும் மண்ணும்தான். ஊர்க்காரர் கணக்கில் அங்கே குடியிருப்போர் இருந்தார்கள். வாசலுக்கு வாசல், கொத்தளத்துக்குக் கொத்தளம் காவல் தெய்வம். நாயக்கர் காலத்திலிருந்து எல்லையைக் காத்து நிற்கிற முனியும் கருப்பும் காளியும். அவர்கள் நிற்கும் இடத்தில் கடப்பாரையை எவன் முதலில் இறக்குவான்? இறக்கினவன் குடும்பம் என்ன ஆகும்? இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுப் போவது சுலபம். இன்றைக்கும் மொட்டைக் கோபுரத்து முனிக்கு ஒரு கும்பிடு போடாமல் வடக்கு கோபுரத்தைக் கடக்காத மதுரைக்காரர்கள் எத்தனை பேர்! கோயிலின் கிழக்குப் பக்கத்தில் மதுரைவீரன் நிற்கிறார். வாசலுக்கு ஒரு காவல் என்பது இந்த ஊருக்கு வெறும் கதையல்ல.

இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். சர்க்கார் சும்மா கொடுக்கிறது என்றாலே சந்தேகம் வரும். இன்று மனை என்பான், நாளை தீர்வை என்பான். கலெக்டர் மாறினால் பட்டா மாறும். ஐம்பது வருடத்துக்குள் நவாபு, கம்பெனி, பாளையக்காரர் என்று எத்தனை பேர் கைக்கு ஊர் மாறியதைப் பார்த்த குடிகள் அவர்கள். சாமியின் பெயரைச் சொல்லி ஒதுங்கி நிற்பது, சர்க்காரிடம் நேரடியாக 'முடியாது' என்று சொல்லாமலே சொல்லும் மரியாதையான வழியும்கூட.

கலெக்டருக்கு இரண்டு வழி இருந்தது. கைதிகளையும் சிப்பாய்களையும் விட்டு இடித்துத் தள்ளுவது ஒன்று. இடித்துவிடலாம், ஆனால் இடித்த இடத்தில் எவன் வந்து வீடு கட்டுவான்? சாபம் விழுந்த மண்ணில் பெண் கொடுப்பார்களா, அடுப்பு மூட்டுவார்களா? அகழி தூர்ந்து, மதில் போய், நடுவே பொட்டல் கிடக்கும்.

இரண்டாவது வழி கேட்பது. யாரிடம்?

மதுரைச் சீமையில் கிணறு வெட்டுவதென்றாலும், பழைய வீட்டைப் பிரிப்பதென்றாலும், திருவிழா சாட்டுவதென்றாலும் முதலில் சாமியிடம் உத்தரவு வாங்குவார்கள். பூப் போட்டுப் பார்ப்பார்கள். பல்லி சொல்லுக்குக் காத்திருப்பார்கள். சாமியாடியின் வாயிலிருந்து வாக்கு வரும்வரை ஊரே நிற்கும். சில நேரம் சாமி மறுக்கும். மறுத்தால், என்ன குறை என்று கேட்பார்கள். சாமி கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டு மறுபடியும் கேட்பார்கள். இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். பேரத்துக்கு இடமிருக்கிற ஏற்பாடு இது. 'ஆம்' என்பதற்கு ஒரு விலை உண்டு, 'இல்லை' என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டும் ஊர் நடுவில், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லப்படும்.

இப்போது நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். மண்டபத்தில் நாற்காலி போட்டு, திரையில் வரைபடத்தைக் காட்டி, மைக்கைக் கொடுத்து மூன்று நிமிடம் பேசச் சொல்கிறார்கள். 'ஆட்சேபணைகள் பதிவு செய்யப்பட்டன' என்று ஒரு வரி. பதிவானது எங்கே போனது, எதை மாற்றியது என்று கேட்டவர் வீட்டுக்குப் பதில் வருவது அபூர்வம். சாமியாடி அந்த விஷயத்தில் பரவாயில்லை. கேட்டதற்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

ஊரில் வழங்கும் கதைப்படி, மதிலிலிருந்த தெய்வங்களிடமும் உத்தரவு கேட்கப்பட்டது. சாமியாடிகள் மேல் இறங்கி, தங்கள் இடத்தை விட்டுக் கிளம்ப அவை சம்மதித்தன. மேளதாளத்தோடு கோட்டையை விட்டு இறங்கி ஊருக்குள் வேறு இடங்களில் போய் அமர்ந்தன. அதன் பிறகே முதல் கல் பெயர்ந்தது. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவலைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. 2011இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற அந்த நாவலில், காவல் தெய்வங்கள் கோட்டையை விட்டுப் போகும் பக்கங்களைப் படித்துவிட்டு வெளி வீதியில் சாதாரணமாக நடந்து போவது கஷ்டம்.

கதையில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு ஏறிக்கொண்டது என்று பிரித்துப் பார்ப்பது வரலாற்று ஆசிரியர்களின் பாடு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. குடியிருப்போர் பட்டியலில் யார் யார் உண்டு என்பதைக் கலெக்டர் கச்சேரியால் தீர்மானிக்க முடியவில்லை, ஊர்தான் தீர்மானித்தது. வருவாய்க் கணக்கில் பெயரில்லாத குடிகளையும் கேட்டாக வேண்டும் என்று ஊர் அடம்பிடித்தது. கேட்ட பிறகு வேலை ஓடியது.

ஓடியது என்றால் எப்படி! 1837ஐ ஒட்டித் தொடங்கிய இடிப்பு 1840கள்வரை நீண்டது. அளந்து கோடு போட மாரட் என்ற துரை. ஆள் கட்டி வேலை வாங்கப் பெருமாள் மேஸ்திரி. மதில் மண் அகழியில் விழுந்தது. மதிலும் அகழியும் இருந்த பட்டையில் புதுத் தெருக்கள் எழுந்தன. வெளி வீதிகள் நான்கு. மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவே மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும். கலெக்டர் பெயரில் தெரு இல்லை. அளந்தவர் பெயரிலும் இடித்தவர் பெயரிலும் உண்டு. எந்த ஊரில் ஒரு கொத்து மேஸ்திரிக்கு இத்தனை நீளத்துக்குத் தெரு வைத்திருக்கிறார்கள், சொல்லுங்கள்!

புதுத் தெருக்கள் எந்தப் பக்கம் திரும்பின என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரத் திட்டக்காரர்களுக்கு நேர்கோட்டு மோகம் அதிகம். ரயிலடியிலிருந்து கோயில் வாசலுக்கு ஒரே கோடாக இழுத்திருக்கலாம். 1837இல் ரயில் இல்லைதான், ஆனால் கோடு இழுக்க ரயில் வர வேண்டுமென்று கட்டாயமில்லையே. மாரட் அப்படி இழுக்கவில்லை. சித்திரை, ஆவணி, மாசி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக விரிந்த சதுரத்துக்கு வெளியே இன்னொரு சதுரம் சேர்ந்தது. இருக்கிற ஊரின் வடிவத்தையே புதுக் குடியிருப்பும் பின்பற்றியது. மதில் அப்படி நின்றதால் தெருவும் அப்படி வந்தது என்று சொல்லலாம். சரிதான். ஆனாலும் புது மனைக்குக் குடிவந்தவன், தான் வேறு ஊருக்கு வந்துவிட்டதாக நினைத்திருக்க மாட்டான்.

வியன்னாவில் இதே வேலை பின்னால்தான் நடந்தது. அந்த நகரின் கோட்டை மதிலை இடிக்க பேரரசர் பிரான்ஸ் யோசப் உத்தரவிட்டது 1857 டிசம்பரில். மறு வருடம் போட்டி வைத்தார்கள்; 85 திட்டங்கள் வந்து குவிந்தன. மதில் நிலத்தை விற்ற காசில் அரண்மனைக்கு ஈடான கட்டடங்கள் எழுந்தன. நகரத் திட்டமிடல் வகுப்பில் மாணவர்கள் வியன்னாவைப் படிக்கிறார்கள். இருபது வருடம் முன்னாலேயே, போட்டியும் பேரரசரும் இல்லாமல் கடப்பாரையும் கூடையுமாக நடந்த மதுரையை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் கதை முழுசாகாது. இலவச மனை யாருக்கு இலவசம்? ஒரு கொத்தளத்தை இடிக்க எத்தனை ஆள் வேண்டும்! கல் சுமக்க வண்டி வேண்டும், மாடு வேண்டும், வாரக் கூலி கொடுக்க மடியில் காசு வேண்டும். இதெல்லாம் உள்ளவனுக்குத்தான் மனை. வெயிலில் கல் பெயர்த்தவனுக்கு அன்றைக்கு அன்று கூலி. சாமியைக் கேட்டார்கள், வசதிக்காரரைக் கேட்டார்கள். கூடை தூக்கியவரை யாராவது கேட்டிருப்பார்களா? இந்தக் கேள்வி 1840களோடு முடிந்துபோன கேள்வியல்ல. இந்தத் தொடரில் அது நம்மைத் துரத்திக்கொண்டே வரும்.

பிளாக்பர்னுக்கு ஊர் நன்றி சொன்ன விதம் அழகு. சிலை வைக்கவில்லை. விளக்கு வைத்தார்கள். கீழ மாசி வீதிப் பக்கம் மகாலுக்குப் போகும் வழியில் நிற்கிற விளக்குத்தூண் அவர் நினைவாக எழுந்ததுதான். இன்றைக்கு அந்தப் பெயர் சொன்னால் தீபாவளிக்குத் துணியெடுக்கும் கூட்டம்தான் நினைவுக்கு வரும். பிளாக்பர்ன் யாருக்கும் வரமாட்டார்.

மதில் போனதும் ஊர் மூச்சுவிட்டது. மூச்சுவிட்ட ஊர் பருக்கத் தொடங்கியது. 1866இல் நகராட்சி. 1875இல் திருச்சியிலிருந்து ரயில். 1871 கணக்கில் சுமார் 52,000 பேர். 1901 கணக்கில் 1,05,000க்கும் மேல். முப்பது வருடத்தில் இரட்டிப்பு! இடமோ அதே சதுரம், கூடுதலாக ஒரு வளையம். மனை நீளவாக்கில் பிளந்து, வீடு வீட்டோடு ஒட்டி, முடுக்கு முடுக்காக ஊர் இறுகியது. மறுபடியும் ஊரைத் திறந்துவிட வேண்டிய காலம். இந்த முறை இடிக்க மதில் கிடையாது. இடிப்பதென்றால் வீடுகளைத்தான் இடிக்க வேண்டும்.

வீடுகளில் இருப்பவர்களிடம் யார் உத்தரவு கேட்பது?

1914. சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு, ஸ்காட்லாந்திலிருந்து ஒருவரை அழைக்கிறார். பெயர் பேட்ரிக் கெடிஸ். படிப்பால் தாவர இயல்காரர், பிழைப்பால் ஊர் ஊராகத் தெரு அளப்பவர். எந்த ஊருக்குப் போனாலும் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் சந்து சந்தாக நடந்து பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர். உலக நகரங்களைப் பற்றி வாழ்நாளெல்லாம் சேர்த்த படங்கள், திட்ட வரைபடங்கள், மாதிரிகள் எல்லாவற்றையும் சென்னையில் கண்காட்சி வைப்பதற்காகப் பெட்டி பெட்டியாகக் கட்டி 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலில் ஏற்றிவிட்டு, அவர் வேறு கப்பலில் கிளம்பினார்.

அந்த வருடம் செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் இன்னும் இந்துமகா சமுத்திரத்தில்தான் திரிந்துகொண்டிருந்தது. அக்டோபரில் அதன் கண்ணில் கிளான் கிராண்ட் பட்டது.

பெட்டிகள் கடலின் அடியில். கெடிஸ் சென்னைக்கு வந்து சேர்ந்தார், அனுப்பிய படங்கள் இல்லாமல். அங்கிருந்து தெற்கே இறங்கினார். மதுரைக்கு வருவதற்கு முன் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் ஒரு வேலை காத்திருந்தது. நெருக்கமான வீடுகளைப் பிளந்துகொண்டு நேராகப் போகும் புதுத் தெருக்களை வரைந்து எஞ்சினியர்கள் தயாராக வைத்திருந்தார்கள். முதல் தெருவுக்கு மட்டும் மதிப்பீடு 30,000 ரூபாய்.

கெடிஸ் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். மடித்து வைத்தார். கோட்டைக்குள் சந்து சந்தாக நடந்துவிட்டு வந்து, கோட்டைப் பகுதி முழுவதற்கும் சேர்த்துத் தன் கணக்கைச் சொன்னார்.

அவர் சொன்ன தொகை...

(தொடரும்)